பந்தற்கால் வழக்கு

திருவொற்றியூரில் தெரு ஒரு மாதமாவது சும்மா கிடந்ததாகச் சொல்ல முடியாது. மாசியில் தியாகராஜ சுவாமி கோயிலின் பிரம்மோற்சவத்துக்காகச் சந்நிதித் தெருவிலும் தேரடியிலும் வாழைமரமும் மாவிலைத் தோரணமும் ஏறி, சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்த மகிழடி வைபவம் வரையில் ஊர் விழித்திருக்கிறது. ஆடி பிறந்ததும் குப்பம்தோறும் அம்மனுக்குக் கூழ் வார்க்க வேப்பிலைப் பந்தல் எழும்புகிறது. ஆவணியில் சந்துக்குச் சந்து பிள்ளையார். சரஸ்வதி பூஜை வந்தால் லாரி ஷெட்டுகளும் தொழிற்சாலை வாசல்களும் சந்தனமும் குங்குமமும் பூசிக்கொள்கின்றன. டிசம்பரிலோ எண்ணூரிலிருந்து ராயபுரம் வரையில் மாடிக்கு மாடி காகித நட்சத்திரங்கள் தொங்கத் தொடங்குகின்றன. தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பள்ளிவாசல்களில் சர விளக்கு எரியும் நோன்பு மாதம் பிறைக் கணக்கைப் பின்பற்றி ஆண்டுக்கு ஆண்டு சில தினங்கள் முந்திக்கொண்டு வருவதால், மேலே சொன்ன அத்தனை பண்டிகைகளையும் அது ஏதோ ஒரு வருஷத்தில் தெருவில் சந்தித்தே தீர்கிறது.

இவ்வளவுக்கும் இடம் கொடுக்க இங்கே ராஜபாட்டைகள் இல்லை. துறைமுகத்துக்குள் நுழைய முறை காத்துக் கண்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கின்றன. அதற்கு அப்பால் கடல் கரையை அரித்துக்கொண்டு வந்ததால் கருங்கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவுகள் அமைத்து அதைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். 2011 வரையில் தனி நகராட்சியாக இருந்து பிறகு சென்னை மாநகராட்சியின் முதலாவது மண்டலமாகிவிட்ட இந்த ஊரில், குடியிருப்பும் தொழிலும் பக்தியும் ஒரே சாலையின் மேல்தான் நடந்தாக வேண்டியிருக்கிறது. ஆகவே பண்டிகை அலங்காரங்களை முன்னிட்டுத் தகராறு உண்டாவதில் ஆச்சரியமில்லை. அவை எந்த இடத்தில் உண்டாகின்றன, எந்த இடத்தில் உண்டாவதில்லை என்பதுதான் கவனிக்கத் தக்கது. எதிர்வீட்டு நட்சத்திரத்தைக் கண்டு இங்கே யாரும் முகம் சுளிப்பதில்லை; அதைக் கட்டுவதற்கு ஏணி கொடுப்பவரே எதிர்வீட்டு இந்துவாக இருப்பார். ஆனால் நட்சத்திரமோ பந்தலோ சிலையோ வீட்டு வாசற்படியைத் தாண்டி, எல்லாருக்கும் பொதுவான தார்ச்சாலையில் கால் ஊன்றிய மாத்திரத்தில், அதைப் பார்க்கிறவர்களின் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: இது எப்போது போகும்?

இந்தக் கேள்வி நம்முடைய தேசத்துக்கே உரிய கேள்வி என்பது என் அபிப்பிராயம். அமெரிக்காவில் இதே விவகாரம் வேறொரு கோலத்தில் நடக்கிறது. அங்கே ரோட் ஐலண்ட் மாகாணத்தில் பாட்டக்கெட் என்ற ஊரின் நகர சபை, கிறிஸ்து பிறந்த மாட்டுக்கொட்டிலைக் காட்டும் பொம்மைகளை 1973-இல் 1,365 டாலருக்கு வாங்கி, கடைத்தெருவை அடுத்த பூங்காவில் கிறிஸ்துமஸ் தாத்தாவோடும் கலைமான்களோடும் சேர்த்து வருஷந்தோறும் வைத்து வந்தது. சர்க்கார் பணத்தில் ஒரு மதத்துக்குக் கொலு வைக்கலாமா என்று சிலர் வழக்குத் தொடுக்க, 1984-இல் அந்த நாட்டுச் சுப்ரீம் கோர்ட் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வைக்கலாம் என்றது. ஐந்து வருஷம் கழித்துப் பிட்ஸ்பர்க் நகரத்திலிருந்து இரண்டு பொருள்களைப் பற்றிய வழக்கு வந்தது. நியாயஸ்தலக் கட்டடத்தின் பெரிய மாடிப்படியில் தனியாக வைக்கப்பட்டிருந்த மாட்டுக்கொட்டில் கூடாது. வேறொரு சர்க்கார் கட்டடத்தின் வாசலில் 45 அடி கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பக்கத்தில் நின்ற 18 அடி யூத விளக்குத்தண்டு இருக்கலாம். துணைக்குக் கலைமான் நின்றால் சரி, தனியே நின்றால் தவறு என்பது போன்ற இந்தத் தீர்ப்புகளைப் படிக்கும் தமிழனுக்குச் சிரிப்புக்கூட வரலாம். ஆயினும் அவர்கள் கேட்ட கேள்வி அற்பமானதன்று. பொது இடத்தில் நிற்கும் அந்தப் பொம்மை யாருடைய வாயால் பேசுகிறது, சர்க்காரின் வாயாலா என்பதே அது.

நம் ஊரில் அந்தக் கேள்வி அநேகமாக எழுவதே இல்லை. ஏனெனில் மாநகராட்சி பிள்ளையார் வைப்பதுமில்லை, குடில் கட்டுவதுமில்லை. எழுந்த சந்தர்ப்பங்கள் சர்க்கார் ஆபீஸ்களின் சுவருக்குள் எழுந்தவை. 1968-இல் அண்ணாதுரை முதலமைச்சராக இருந்தபோது அரசு அலுவலகங்களில் மாட்டியிருந்த சாமி படங்களை அகற்றும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பப்பட்டுப் பெரிய வாதப் பிரதிவாதத்துக்கு இடமாயிற்று. பிற்காலத்தில் அலுவலகங்களில் ஆயுத பூஜை நடத்தலாமா என்ற வழக்கு ஹைகோர்ட்டின் மதுரைக் கிளைக்கு வந்தபோது, தான் தொழில் செய்யும் இடத்துக்கும் கருவிக்கும் ஒருவன் மரியாதை செலுத்துவது மதச்சார்பின்மைக்கு விரோதமாகாது என்ற கருத்தில் அது முடிந்தது. சுவருக்குள் விவகாரம் இவ்வளவே. சுவருக்கு வெளியே, சர்க்கார் பேசுகிறவராக அல்ல, இரண்டு கட்சிகளுக்கு நடுவே கைத்தடியோடு நிற்கும் மத்தியஸ்தராகத்தான் தோன்றுகிறார். அந்தக் கதைக்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல்.

சேலத்தில், செவ்வாய்ப்பேட்டையில், இந்துக்களின் ஊர்வலம் போகும் வழியில் ஒரு பள்ளிவாசல் எழும்பியது. மேளம் வாசித்துக்கொண்டு அதைக் கடக்கலாமா கூடாதா என்று தொடங்கிய வார்த்தைத் தடிப்பு, 1882 ஆகஸ்ட் மாதத்தில் பெருங்கலகமாக மூண்டு, பள்ளிவாசல் இடிபட்டு, ரத்தம் சிந்தி ஓய்ந்தது. அப்போது நகர சபை அங்கத்தினராயிருந்த இளம் வக்கீல் சி. விஜயராகவாச்சாரியார் கலகத்தைத் தூண்டியதாகப் பிடிக்கப்பட்டுப் பத்து வருஷ தீவாந்தர சிட்சை விதிக்கப்பெற்று, மேல் விசாரணையில் ஹைகோர்ட்டாரால் நிரபராதி என்று விடுதலை செய்யப்பட்டார். 1920-இல் நாகபுரிக் காங்கிரஸுக்கு அக்கிராசனம் வகித்தவர் அவரேதான். ஒரு தெருவில் மேளம் போவதா நிற்பதா என்ற தகராறு, சேலத்தின் அத்தனை பெரிய மனிதரையும் அந்தமான் வாசல் வரைக்கும் கொண்டுபோய்த் திருப்பியிருக்கிறது என்பதை நினைத்தால், இன்று விநாயகர் ஊர்வலத்துக்கு முதல் நாள் காவல் அதிகாரிகள் தெருத்தெருவாக நடந்து பார்ப்பதை வீண் ஆடம்பரம் என்று தள்ளத் தோன்றாது.

மறு வருஷமே, 1883-இல், சென்னை ஹைகோர்ட்டின் முழு அமர்வு இந்த விஷயத்தில் ஒரு விதியைச் சொல்லி வைத்தது. பொதுத் தெரு எந்தச் சமயத்தாருக்கும் தனிச் சொத்தன்று. ஆகையால் எந்தச் சமயத்தாரும் வாத்தியத்தோடு அதில் ஊர்வலம் போகலாம். ஆனால் பிறருடைய வழிபாட்டுக்கு இடையூறு செய்யலாகாது. அமைதியைக் காக்க மாஜிஸ்திரேட் இடும் உத்தரவுக்கும் கட்டுப்பட்டாக வேண்டும். லண்டன் பிரிவி கவுன்சில் நாற்பது வருஷத்துக்குப் பிறகு ஔரங்காபாத் வழக்கொன்றில் சொன்னதும் ஏறக்குறைய இதையேதான். அந்த வழக்கில் வாதி பிரதிவாதிகள் இந்துவும் முஸ்லிமும் அல்லர்; ஷியாக்கள் தூக்கிச் சென்ற தாபூத்து சுன்னிகளின் பள்ளிவாசலை ஒட்டிப் போனதுதான் சண்டை. ஒரே மதத்துக்குள்ளும் தெருச் சண்டை நடக்கும் என்பதற்கு வடகலை தென்கலையாரைப் பார்த்த நமக்கு வேறு சாட்சியம் தேவையில்லை. 2021-இல் பெரம்பலூர் மாவட்டம் வி.களத்தூரில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் தெருக்கள் வழியாகக் கோயில் ஊர்வலம் போகக்கூடாது என்று ஆட்சேபணை கிளம்பியபோதும், தெரு எல்லாருக்கும் பொது, ஒரு வட்டாரத்தில் ஒரு மதத்தார் மிகுதியாக இருப்பதனால் மற்றவர்களை விலக்க முடியாது என்றே ஹைகோர்ட் தீர்ப்பளித்தது. ஊர்வலத்தைப் பொறுத்த வரையில் சட்டம் 1883-இலிருந்து அதிக தூரம் நகர்ந்துவிடவில்லை. ஊர்வலம் நகரும் பொருள். வருகிறது, கடக்கிறது, போய்விடுகிறது.

பந்தல் அப்படியல்ல. அது வந்து அமர்கிறது. சென்னையில் இந்த அமர்தலின் சரித்திரம் மிகவும் பழமையானதன்று. வீட்டுக்கு ஒரு களிமண் பிள்ளையாரைக் குடையோடு வாங்கிவந்து, பூஜை முடித்துக் கிணற்றிலோ குளத்திலோ கரைப்பதே நம்முடைய பழைய சம்பிரதாயம். அந்தப் பிள்ளையாரை அச்சிலிட்டுத் தந்தவர்கள் கொசப்பேட்டைக் குயவர்கள். திலகர் புனாவில் 1893 முதல் வளர்த்த பொதுக் கணபதி உற்சவம் இங்கே வேரூன்ற ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆயிற்று: ராமகோபாலன் 1980-இல் தொடங்கிய இந்து முன்னணி அந்தப் பத்தாண்டில் திருவல்லிக்கேணியிலிருந்து அதைப் பரப்பிற்று. 1990-இல் அங்கே ஐஸ்ஹவுஸ் பள்ளிவாசல் வழியாகச் சென்ற ஊர்வலம் கலவரத்தில் முடிந்ததும், அதன் பின் அந்த வழியைத் தவிர்த்து ஊர்வலத்தைத் திருப்பிவிடுவது போலீஸாரின் வழக்கமானதும் நகரவாசிகள் மறவாத விஷயங்கள். இன்று சென்னையில் ஆவணி மாதத்தில் பொது இடங்களில் வைக்கப்படும் பெரிய விநாயகர்கள் 1,500-க்குக் குறைவதில்லை.

இதை ஓர் அரசியல் இயக்கத்தின் கைங்கரியமாக மட்டுமே பார்ப்பவர்கள் உண்டு. வடசென்னைச் சந்துகளில் பந்தல் போடும் பையன்களைப் பார்க்கிறவனுக்கு அந்த விளக்கம் பாதிதான் சரியென்று படும். பகலில் ஆலையிலும் மீன்பிடித் துறைமுகத்திலும் உழைத்துவிட்டு, இரவில் வசூல் நோட்டோடு வீடு வீடாக ஏறி, தங்கள் சந்தின் பிள்ளையார் அடுத்த சந்தின் பிள்ளையாரைவிட ஒரு முழம் உயர்ந்து நிற்க வேண்டும் என்று பாடுபடும் அந்த வாலிபர்களுக்குத் தத்துவம் இரண்டாம் பட்சம். தெரு தங்களுடையது என்று பத்து நாள் சொல்லிக்கொள்ளக் கிடைத்த பாத்தியதையே பெரிது. மற்ற நாட்களில் அந்தத் தெரு லாரிக்காரருடையது. இதை அனுதாபத்தோடு சொல்கிறேன். ஆனால் அந்த ஒரு முழப் போட்டியிலிருந்துதான் சிலையின் உயரமும் ஒலிபெருக்கியின் உயரமும் ஏறுகின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அரசாங்கம் 2018 ஆகஸ்ட் 9-ஆம் தேதி பிறப்பித்த ஆணை இந்த ஏற்றத்துக்கு ஒரு முழக்கோல் வைத்தது. பீடத்தோடு சேர்த்துச் சிலை 10 அடிக்கு மேல் போகக்கூடாது. இடம் யாருடையதோ அவர்களிடமிருந்து, அது மாநகராட்சியாயினும் நெடுஞ்சாலைத் துறையாயினும், சம்மதக் கடிதம் வேண்டும். தீயணைப்புத் துறையின் ஒப்புதல் வேண்டும். மின்சாரம் எங்கிருந்து எடுக்கப்படுகிறது என்பதற்கும் அத்தாட்சி வேண்டும். பிற மதத்தாரின் வழிபாட்டு இடங்களுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அருகே வைக்கலாகாது. எளிதில் தீப்பற்றும் கூரை கூடாது. குறித்த நாளில், குறித்த வழியில், குறித்த கடற்கரையில் கரைத்துவிட வேண்டும். தெருக்கம்பத்தில் கொக்கி போட்டு வெளிச்சம் எடுத்த காலத்தை அறிந்தவர்கள் இந்த மின்சார ஷரத்தின் அருமையை உணர்வார்கள். மதத்தின் சுதந்திரத்தில் கை வைக்கிறது என்று ஆணையைக் குறை கூறினார்கள். எனக்கு அது, பழைய அனுபவ பாத்தியதை வழக்குகளில் பல தலைமுறை கற்ற பாடத்தைப் படிவமாக அச்சடித்ததாகவே தோன்றுகிறது. அதிலே மிகவும் புத்திசாலித்தனமான ஷரத்து உயரமல்ல, தேதி. போகும் நாளை எழுதிக் கொடுத்துவிட்டு வரும் விருந்தாளியிடம் எந்த வீட்டுக்காரரும் சண்டைக்குப் போவதில்லை.

அப்படிப் போவதற்குக் குறிக்கப்பட்ட கடற்கரைகளில் இரண்டு நம் பகுதியைச் சேர்ந்தவை: காசிமேடு மீன்பிடித் துறைமுகம் ஒன்று, திருவொற்றியூரில் பாப்புலர் எடைமேடைக்குப் பின்புறம் மற்றொன்று. லாரிகளை நிறுத்து எடை பார்க்கும் இடத்தின் கொல்லைப்புறம் கணநாதரை வழியனுப்பும் துறையாக அமைந்திருப்பது இந்த ஊருக்கே பொருத்தமான ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமையில் கிரேன்களைக் கொண்டுவந்து நிறுத்தி, சிலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அலையில் இறக்குகிறார்கள். வழி நெடுகப் போலீஸ் காவல் நிற்க, லாரிகளைச் சில மணி நேரம் ஓரங்கட்டுகிறார்கள்.

ஆனால் கடலில் இறக்கிவிட்டால் மட்டும் பொருள் போய்விடுகிறதா என்பது பின்னால் வந்த கேள்வி. களிமண் கரையும், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைவதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இல் வெளியிட்ட நெறிமுறைகளை 2020-இல் திருத்தி, அந்தப் பொருளால் சிலை செய்வதையே விலக்கிற்று. 2023-இல் சதுர்த்திக்கு இரண்டு நாள் முன்பு, திருநெல்வேலியில் அத்தகைய சிலைகளைச் செய்து வைத்திருந்த தொழிலாளியின் மனுவை ஏற்று, கரைக்கத்தானே கூடாது, விற்பதைத் தடுப்பானேன் என்று மதுரைக் கிளையின் ஒரு நீதிபதி அனுமதி அளிக்க, மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இரு நீதிபதிகள் விசேஷமாகக் கூடி அதை நிறுத்தி வைக்க, திங்கட்கிழமை சுப்ரீம் கோர்ட் தலையிட மறுத்துவிட்டது. மூன்று நாளில் மூன்று நியாயஸ்தலங்கள் ஏறி இறங்கியது ஒரு சிலை செய்கிறவனின் முதலீடு. மாசு விஷயத்தில் நான் வாரியத்தின் கட்சி. காசிமேட்டு வலையில் மீனுக்குப் பதில் பிளாஸ்டர் கையும் துதிக்கையும் ஏறுவதை எந்தப் பக்தியும் விரும்பாது. ஆயினும் தடையைச் சிலை உலர்ந்து வண்ணம் ஏறிய பிறகு நினைவூட்டுவதும், சித்திரையிலேயே கொசப்பேட்டைக்குப் போய்ச் சொல்வதும் ஒன்றல்ல.

கண்ணுக்கு வைக்கும் அலங்காரத்தைவிடக் காதுக்கு வைக்கும் அலங்காரத்தால் விளைந்த வழக்குகள் அதிகம். அவற்றில் தேசம் முழுவதும் மேற்கோளாகிவிட்ட ஒன்று திருவொற்றியூருக்கு மேற்கே கூப்பிடு தூரத்தில் பிறந்தது. மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகர்வாசிகளின் சங்கம், அங்கேயிருந்த பெந்தெகொஸ்தே சபை டிரம்மும் கிடாரும் ஒலிபெருக்கியும் வைத்துத் துதிப்பதால் நிம்மதி போயிற்று என்று புகார் செய்தது. அளந்து பார்த்த அதிகாரிகள் சபையின் சத்தத்தைவிடச் சாலையில் ஓடும் வண்டிகளின் சத்தமே மிகுதி என்று அறிக்கை கொடுத்தார்கள். வடசென்னையை அறிந்தவர்களுக்கு அது புதுச் செய்தியாக இருந்திராது. வழக்கு டெல்லி வரை போய், 2000 ஆகஸ்ட் 30-இல், பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் பிரார்த்திக்க வேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்ற கருத்தோடு முடிந்தது. அந்த வருஷமே வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையில் ஒலிபெருக்கியை விலக்கின. கிறிஸ்தவ சபையின் மேல் வந்த தீர்ப்பு கூழ் வார்க்கும் பந்தலின் கூம்பு ஒலிபெருக்கிக்கும் பாங்கு சொல்லும் கோபுரத்துக்கும் சமமாகவே பொருந்தும். ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை இரவில் அது எவ்வளவு பொருந்துகிறது என்பதை இந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மிச்சமிருப்பது போகாமலே தங்கிவிடும் அலங்காரம். ஒரு சதுர்த்திக்கு வந்த பிள்ளையார் அரசமரத்தடியில் நின்று, மறு வருஷம் சிமெண்டு மேடை பெற்று, அதற்கடுத்த வருஷம் கம்பிக் கதவும் உண்டியலும் பெற்றுவிடும் கதை எல்லா ஊருக்கும் தெரியும்; கெபியும் கொடிமரமும் அதே படிகளில் ஏறுவதுண்டு. சாலையிலும் பூங்காவிலும் அனுமதியின்றிக் கோயிலோ சர்ச்சோ மசூதியோ குருத்வாராவோ புதிதாக எழும்ப விடக்கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2009 செப்டம்பரில் மாநிலங்களுக்கெல்லாம் உத்தரவிட்டது. 2022-இல் நாமக்கல்லில் ஒரு மாரியம்மன் கோயில் பொதுப்பாதையில் நீட்டிக்கொண்ட வழக்கில், ஆக்கிரமித்தவர் கடவுளேயானாலும் அகற்றச் சொல்லுவோம் என்ற பொருளில் ஹைகோர்ட் பேசிற்று. தீர்ப்பு எழுதுவது சுலபம். விளக்கேற்றிக்கொண்டிருக்கும் கிழவியின் எதிரில் கடப்பாரையைத் தூக்க வேண்டிய மாநகராட்சி ஊழியனின் நிலைமைதான் கடினம். அந்தக் கிழவிக்கு எதிராக ஒரு வார்த்தையும் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தெருவில் ஒரு சமயத்தார் பெற்ற நிரந்தரம், அடுத்த சமயத்தாரின் மூன்று நாள் தோரணத்தைக்கூடச் சந்தேகத்தோடு பார்க்கும்படி செய்துவிடுகிறது. இன்று தோரணம், நாளைக்கு மேடை என்று அயலான் கணக்குப் போடுகிறான். நட்சத்திரத்துக்கு ஏணி கொடுத்த கை தயங்குவது அந்தக் கணக்கினால்தான்.

பெரிய நியாயஸ்தலங்களுக்குப் போகாத சிறிய மிச்சங்களும் உண்டு. ஆயுத பூஜை மறுநாள் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இரு சக்கர வண்டியில் போய்ப் பாருங்கள்: கடைக்கு ஒன்று, ஷெட்டுக்கு ஒன்று, லாரிக்கு ஒன்றாக உடைத்த பூசணிக்காய்கள் குங்குமம் கலந்து வழுக்கிக் கிடக்கும். சாலையில் உடைக்காதீர்கள் என்று போலீஸாரும் மாநகராட்சியும் வருஷந்தோறும் கேட்டுக்கொள்ளுகிறார்கள். திருஷ்டி நமக்குக் கழிய வேண்டும், வழுக்கல் பின்னால் வருகிறவனுக்கு என்று வருஷந்தோறும் உடைக்கிறோம்.

பந்தற்கால் நட்ட குழியின் கதையும் இதுவே. விநாயகர் கடலுக்குப் போய், அம்மன் கோயிலுக்குத் திரும்பி, குடிலும் பெட்டிக்குள் அடங்கிய பிற்பாடு, தார்ச்சாலையில் சாண் அகலத்தில் ஆறு ஆறாக அவை வாயைத் திறந்துகொண்டு நிற்கும். மழை பெய்தால் ஒரு காலை முழங்கால் வரைக்கும் வாங்கிக்கொள்ளும். குழியில் விழுகிறவன் எந்த மதத்தவன் என்று குழி பார்ப்பதில்லையாதலால் இதற்காகக் கட்சி சேர்ந்து யாரும் கொடி பிடித்ததில்லை. சிலையின் உயரத்தை அடிக்கணக்கில் கேட்டு, மின்சாரத்துக்கு அத்தாட்சி கேட்டு, கரைக்கும் நாளையும் குறித்து அனுமதி கொடுக்கும் சர்க்கார், குழி ஒன்றுக்கு இவ்வளவு என்று ஒரு முன்பணமும் வாங்கி வைத்து, மூடிக் காட்டியவர்களுக்கு அதைத் திருப்பித் தரலாம்.